விருப்பப் பாடம் தேர்தல்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், ஐந்தருவி ஐந்து கிளையாய் வீழினும் அதன் நீர் ஒன்றே. கணிதப் பட்டப்படிப்பும் அத்தகையதே. ஆங்கு 1964ஆம் ஆண்டு தோன்றிய பராசக்தி மகளிர் கல்லூரி போன்றவற்றில் கணிதம் பயில்வோர்க்குக் கட்டாயப் பாடங்களோடு விருப்பப் பாடங்களும் உண்டு. இயற்கணிதமும் பகுப்பாய்வும் தலையூற்று, ஏனையவை கிளைகள். கணிப்பொறித் துறையை நாடுவோர்க்குக் கோட்டுருவியலும், காப்பீட்டுத் துறையை நாடுவோர்க்கு நிகழ்தகவியலும் துணைசெய்யும். மதிப்பெண் எளிதிற் கிட்டும் என்றோ, தோழி எடுத்தாள் என்றோ தேர்தல் தகாது. விருப்பம் மிகினும் கட்டாயப் பாடத்தை இகழலாகாது. கணித மேதை இராமானுசன் 1904ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்திலேயே ஆழ்ந்து, ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார் அன்றோ? மாணவர்களே, ஊற்றைப் பேணிக் கிளையைத் தேர்மின்! ஊற்று வற்றின் அருவி ஏது?