பெண் எலி காட்டிய வழி

கூட்டல் குறி வடிவில் அமைந்த ஒரு சிறிய புதிர்வழி. அதன் தென்முனையில் ஒரு பெண் எலியை விடுகின்றனர். நடுச்சந்திக்கு வந்து வலப்பக்கம் திரும்பினால், கிழக்கு முனையில் உணவு கிடைக்கும். பலமுறை முயன்று எலி இதைக் கற்றுக்கொள்கிறது. ஆனால், அது கற்றுக்கொண்டது எதனை? உணவு இருக்கும் இடத்தையா? ‘வலப்பக்கம் திரும்பு’ என்னும் பழக்கத்தையா?

இதை அறிய ஆய்வாளர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். எலியை வடமுனையில் விட்டனர். இடத்தை நினைவில் கொண்ட எலி இடப்பக்கம் திரும்பிக் கிழக்கு முனைக்கே செல்லும். பழக்கத்தை நம்பும் எலியோ மீண்டும் வலப்பக்கம் திரும்பி, உணவில்லாத மேற்கு முனையில் போய் நிற்கும்.

எலி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது, ஆய்வு நடந்த நாளைப் பொறுத்து மாறியது. பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி நான்கைந்து நாள்களில் முடிந்துவிடும். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுந்திருந்த கட்டத்தில், எலிகள் பெரும்பாலும் இடத்தை நாடின. அது குறைந்த கட்டத்தில் பழக்கத்தையே பின்பற்றின. நினைவாற்றல் கூடியது, குறைந்தது என்று இதைச் சொல்லிவிட முடியாது. நினைவில் வைக்கும் முறைதான் மாறியது.

இடங்களை நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகளில் முட்களைப் போன்ற நுண்ணிய புடைப்புகள் உள்ளன. மற்ற நரம்பணுக்கள் அனுப்பும் செய்திகளை இவை பெறுகின்றன. 1990ஆம் ஆண்டில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்யூவன் முதலியோர் இவற்றை எண்ணிப் பார்த்தனர். சுழற்சியின் ஒரு கட்டத்தில் பெருகியிருந்த புடைப்புகள், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன! சூலகம் அகற்றப்பட்ட எலிகளில் குறைந்துபோன புடைப்புகள், ஈஸ்ட்ரோஜன் செலுத்தியதும் மீண்டும் கூடின. வளர்ந்துவிட்ட மூளையின் அமைப்பு அவ்வளவாக மாறாது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது.

எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. எனினும், இதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஹார்மோன் மாற்றம் முடிவுகளைக் குழப்பிவிடும் என்று கருதி, விஞ்ஞானிகள் பலர் நெடுங்காலமாகப் பெண் விலங்குகளை ஒதுக்கியே வந்தனர். 2009இல் வெளிவந்த நரம்பியல் ஆய்வுகளை ஆராய்ந்தபோது, பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்திய ஓர் ஆய்வுக்கு, ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவை 5.5 என்ற விகிதத்தில் இருந்தன. அத்தகைய ஆய்வுகளிலிருந்து உருவாகும் மருந்துகளைப் பெண்களும்தானே உட்கொள்கின்றனர்? 2016 முதல், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களிடம் நிதி கேட்போர், ஒரு பாலின விலங்கை மட்டும் பயன்படுத்த விரும்பினால் அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும்.