லிச்ஃபீல்டில் ஒரு ஜோடி சேரும் படலம்

சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள். 1943 ஜூன் மாதம். இங்கிலாந்தின் நட்டநடுவில், ஸ்டாஃபர்ட்ஷயர் வயல்களுக்கு இடையே லிச்ஃபீல்ட் விமான தளத்தின் வாசலில் நிற்கிறோம். கற்பனையின் கைபிடித்துத்தான் நுழைகிறோம். ஆனால் இங்கே பறந்தவர்கள் பிற்பாடு வாய் ஓயாமல் சொன்ன கதைகளுக்குள்தான் நடக்கப்போகிறோம். இது குண்டுவீச்சு விமானக் குழுக்களைத் தயார்செய்யும் 27-ஆம் எண் செயல்முறைப் பயிற்சிப் பிரிவு. பிரிவு பிரிட்டிஷ் விமானப்படையுடையது. ஆனால் திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்திரேலியர்கள்! அந்த அடர்நீலச் சீருடையைப் பாருங்கள், பிரிட்டிஷ்காரர்களின் சாம்பல் பூத்த நீலத்துக்கு நடுவே எப்படி எடுப்பாகத் தெரிகிறது!

முதலில் தங்கும் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்போம். அரைவட்டத் தகரக் கூரை. கயிற்றில் ஈரக் காலுறைகள். வாசலில் சாய்த்த சைக்கிள்கள். தளம் அவ்வளவு பெரிது, சாப்பிடப் போவதற்கே மிதிக்க வேண்டும். ஒரு கட்டிலின் மேல் துணி சுற்றித் தைத்த கேக் டப்பா. ஆஸ்திரேலியாவில் ஓர் அம்மா அடுப்பில் வைத்த பழக் கேக், வாரக்கணக்கில் கப்பல் ஏறி வந்திருக்கிறது. டப்பா திறந்தால் கொட்டகை முழுக்கப் பங்கு. அது இங்கே எழுதாத சட்டம். நடுவில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு. குளிர்காலத்தில் அதற்குப் போட ஒதுக்கும் கரி போதாது என்று, ராத்திரியில் கரிக்கிடங்கு வேலி தாண்டுவதும் இந்தப் பையன்களின் பாடத்திட்டத்தில் சேர்த்தி!

வாருங்கள், நான் உங்களுக்குக் காட்டத் துடிக்கும் காட்சி அந்தப் பெரிய ஹேங்கருக்குள் இருக்கிறது. பைலட்டுகள், நேவிகேட்டர்கள், குண்டுவீச்சாளர்கள், வயர்லெஸ்காரர்கள், கன்னர்கள் என்று கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் தனித்தனியாகத் தொழில் பழகிவிட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. அதிகாரி ஒருவர் வருகிறார். ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். போய்விடுகிறார். அவ்வளவுதான்!

பட்டியல் கிடையாது, மதிப்பெண் கிடையாது, உத்தரவு கிடையாது. கேப்டனே இல்லாமல் தெரு கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பது மாதிரி ஒரு கூச்சம் ஹேங்கர் முழுக்க. சட்டைப் பொத்தானில் இருந்து தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கும் ராணுவம், யாருடைய கையில் யார் உயிரைக் கொடுப்பது என்ற முடிவை மட்டும் இருபது வயதுப் பையன்களிடமே விட்டுவிட்டது. எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கிறது.

காதைக் கொடுங்கள். "டேய், உனக்கு பைலட் கிடைச்சாச்சா?" "இன்னும் இல்லடா." "அதோ அந்த உயரமானவரைப் பாரு, நிதானமானவரா தெரியறாரு. கேட்டுப் பார்ப்போமா?" ஒருவர் பிரிஸ்பேன்காரர் என்பதற்காக இன்னொரு பிரிஸ்பேன்காரரிடம் போகிறார். ஒருவர் சிகரெட் நீட்டுகிறார், அதிலேயே முடிவாகிவிடுகிறது. கல்யாணத்தரகர் வேலையைத் தானே எடுத்துக்கொண்ட ஒரு கன்னர், தனக்குப் பிடித்த நேவிகேட்டரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். பொழுது சாய்வதற்குள் கூட்டம் ஐந்து ஐந்தாகக் கரைந்து வெளியே போகிறது. சிலர் அதிகாரிகள், பலர் சார்ஜென்ட்டுகள்; விமானத்துக்குள் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தான்.

வெளியே நிற்கிறதே, அதுதான் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம். பாப்பை கார்ட்டூனில் ஹாம்பர்கர் தின்னும் விம்பியின் பெயரால் எல்லோருக்கும் 'விம்ப்பி'. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த எலும்புக்கூடு: குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய உலோகப் பட்டைகள், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. உள்ளே தலை குனிந்து வாருங்கள், இடித்துக்கொள்வீர்கள். பெட்ரோலும் வியர்வையும் கலந்த வாடை. பின்னால் போனால் ஒரு ரசாயனக் கழிப்பறை வாளி. குலுங்கும் விமானத்தில், கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு அதில் உட்காரும் துயரத்தை யாரும் வீட்டுக்கு எழுதுவதில்லை! வாலின் கோடியில் கன்னரின் கூண்டு. மற்ற நால்வரும் முன்பக்கம். இவர் மட்டும் தன்னந்தனியாகப் பின்னோக்கிப் பார்த்தபடி பறப்பார்.

பாராசூட் அறைக்குள் நுழைந்தால் நீள நீள மேசைகள், மடிப்புக் கலையாத பட்டு. மகளிர் விமானப்படைப் பெண்கள் ஒவ்வொன்றையும் கையாலேயே மடிக்கிறார்கள். புதுப் பையன்களுக்கு அவர்கள் சொல்லும் வழக்கமான வசனம்: "திறக்கலைன்னா கொண்டாங்க, வேற மாத்தித் தர்றோம்!" எத்தனையாவது முறை சொன்னாலும் அறை சிரிக்கிறது.

அடுத்து நீச்சல்குளம், விமானம் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி. கண்ணுக்குக் கறுப்படித்த கண்ணாடி, முழுப் பறக்கும் உடை. கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் படகை இருட்டில் தடவி நிமிர்த்தி, ஐவரும் ஏற வேண்டும். உடைகளின் எண்ணிக்கை குறைவு. முந்தைய குழு கழற்றிய சொட்டச் சொட்ட நனைந்த உடையையே அடுத்த குழு மாட்டிக்கொள்கிறது. எழும் அலறலைக் கேட்டீர்களா? கடற்கரையில் வளர்ந்த சிட்னிப் பையன்தான் முதலில் ஏறுகிறான். கடலில் குளித்தே பழகாத ஆட்டுப்பண்ணைப் பையனைக் காலரைப் பிடித்து மேலே இழுக்கிறான்.

இப்போது மணி இரவு பத்து, வெளியே பார்த்தால் நல்ல வெயில்! போர்க்காலப் பிரிட்டனில் கோடைக்குக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். சூரியன் பத்தரைக்கு மேல்தான் மறையும். அதனால் இரவுப் பறத்தல் நள்ளிரவை ஒட்டித்தான் ஆரம்பம். கொட்டாவியும் தேநீர்க் குவளையுமாக நேவிகேட்டர் வரைபடத்தை விரிக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு ரயில் பாதை தெரிந்தால் போதும், வழி கண்டுபிடித்துவிடலாம். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ரயில் பாதை, எல்லா ஊரும் ஒரே மாதிரி, பாதி நாள் மேகம் வேறு. பகலில் லிச்ஃபீல்ட் தேவாலயத்தின் மூன்று கோபுரங்கள் கைகொடுக்கும். இருட்டடிப்பு இரவில், இரண்டு மோர்ஸ் எழுத்துகளைச் சிமிட்டும் சிவப்பு விளக்குகள்தான் துணை.

பைலட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநரின் கையைக் கவனியுங்கள், இருக்கையை இறுகப் பிடித்திருக்கிறது. அவர் முப்பது தாக்குதல்களை முடித்து 'ஓய்வுக்கு' இங்கே வந்தவர். ஜெர்மனி மேல் பறந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை என்பது பயிற்றுநர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் பேச்சு.

சிரிப்புக்குள் உண்மை இருக்கிறது. இங்கே வரும் விமானங்கள் போரில் ஓடித் தேய்ந்தவை, பையன்கள் புதியவர்கள். பக்கத்து ஃப்ராட்லி கிராமத்துத் தேவாலய வளாகத்தில், எதிரியையே பார்க்காமல் இறந்த ஆஸ்திரேலியர்களின் கல்லறைகள் இருக்கின்றன. காலையில் கொட்டகையில் ஒரு கட்டில் காலியாக இருந்தால், அன்றைக்கு யாரும் கேக் டப்பாவைத் திறப்பதில்லை.

மாலை ஓய்வென்றால் சைக்கிள் கால்வாய்க்கரைக்குப் பறக்கும். இரண்டு கால்வாய்கள் சேரும் ஃப்ராட்லி சந்திப்பில் ஸ்வான் மதுக்கடை. பியர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்ற புலம்பல் தீர்ந்தபாடில்லை. புல்வெளி கிடைத்தால் கிரிக்கெட். இதே 1943-இல் இங்கிலாந்து வந்திறங்கிய ஆஸ்திரேலிய விமானப்படைப் பையன்களில் ஒருவர் கீத் மில்லர். 1945-இல் லார்ட்ஸில் டொமினியன்ஸ் அணிக்காக 185 ஓட்டம் விளாசியவர். லண்டனுக்கு விடுப்பு கிடைத்தால் ஆஸ்திரேலியா ஹவுஸில் உள்ள பூமராங் கிளப். அங்கே கதவைத் திறந்தாலே ஊர்க்காரன் குரல்!

ஏறத்தாழ 80 மணி நேரப் பறத்தல் முடியும் தறுவாயில் கடைசிப் பரீட்சை வருகிறது. பிரான்ஸின் மேல் போய்த் துண்டுப்பிரசுரம் கொட்டிவிட்டு வர வேண்டும். கட்டுக் கட்டாகக் காகிதம் தள்ளித் தள்ளி வயர்லெஸ்காரரின் முதுகு ஒடிகிறது. விடியலில் திரும்பி இறங்கியதும் ஐவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்ளும் வேகத்தைப் பாருங்கள். ஹேங்கரில் கூச்சத்தோடு சிகரெட் நீட்டிய அதே பையன்கள்தான்!

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பணியாற்றிய ஆஸ்திரேலியர்கள் சுமார் 10,000 பேர். 3,400-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஹேங்கர்தான் நினைவுக்கு வருகிறது. துணிச்சல் வானத்தில் பிறந்தது என்று உலகம் நினைக்கிறது. அது இங்கே, "நீ என்னோட வர்றியா?" என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கேட்டபோதே பிறந்துவிட்டது.

இதோ, மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அடுத்த பயிற்சி நான்கு எஞ்சின் விமானத்தில். அதற்கு ஏழு பேர் வேண்டும். இன்னும் ஒரு எஞ்சினியர், இன்னும் ஒரு கன்னர். யாரைச் சேர்ப்பது என்று லாரியிலேயே ஐவருக்குள்ளும் சண்டை தொடங்கிவிட்டது!