பூச்சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு பச்சை லிங்கம் இருக்கிறது. திப்பு சுல்தான் கொடுத்தது. அவருடைய யானைக்குக் கண் போய், இங்கே வேண்டிக்கொண்டு பார்வை திரும்பியதாகவும், அதனால் சுவாமியை ‘ஹகீம் நஞ்சுண்டா’ என்று அழைத்து லிங்கத்தைக் காணிக்கையாக்கினார் என்றும் ஊரில் கதை சொல்வார்கள். அது என்ன கல் என்று கேட்டால்தான் பதில் இரண்டாகிறது. மரகதம் என்பார் பலர். ஜேடு என்று எழுதியவர்களும் உண்டு. கொடுத்தவர் பெயர் நிலைத்துவிட்டது, பொருளைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. மைசூர்ச் சீமையில் பழைய அபூர்வப் பொருள் பலவற்றின் கதி இதுதான். கண்ணாடிப் பூச்சாடிகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

இங்கிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் மைசூர். 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு, ஹென்றி இர்வின் வரைந்த புது அரண்மனை 1912-ல் முடிந்தது. அதன் கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மயில் கண்ணாடிக் கூரை கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் காலத்து ராஜாக்களுக்குக் கண்ணாடிமேல் அப்படியொரு மோகம். உதயப்பூர் சஜ்ஜன் சிங், பர்மிங்ஹாம் ஆஸ்லர் கம்பெனியிடம் நாற்காலி, கட்டில்வரை கண்ணாடியில் செய்யச் சொன்னார். சாமான் வந்து இறங்குமுன் அவர் காலமாகிவிட்டார். அரண்மனையைப் பார்த்து ஜமீன்தார்கள் வாங்கினார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சம்பாதித்த செட்டிநாட்டார், பெல்ஜியம் கண்ணாடியைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து வளவில் மாட்டினார்கள்.

அன்று யாரும் ஜாடியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது’ என்றால் போதும், அதுவே அதன் ஜாதகம். எந்தச் சூளை, எந்தக் கைகாரன் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் செய்தவன் பெயர் ஜாடியில் ஏற ஆரம்பித்திருந்தது. பிரான்ஸின் எமில் காலே தம் ஜாடிகளில் பெயர் பொறித்தார். 1904-ல் அவர் இறந்தபின் சில ஆண்டுகள், அந்தப் பெயரோடு ஒரு சின்ன நட்சத்திரமும் சேர்ந்தது. ரெனே லாலிக் 1945-ல் மறைந்ததும் ‘ஆர். லாலிக்’ என்ற பொறிப்பிலிருந்து ‘ஆர்’ போய்விட்டது. வெனிஸ் பக்கத்து முரானோ தீவில் பல பட்டறைகள் காகித லேபிள் ஒட்டியதோடு சரி. நம் வீட்டு வேலைக்காரர்கள் முதல் கழுவலிலேயே அதை உரித்திருப்பார்கள்.

பெரிய திருப்பம் 1962-ல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியக வளாகத்தில் நடந்தது. மட்பாண்ட ஆசிரியரான ஹார்வி லிட்டில்டன் அங்கே ஒரு கார் ஷெட்டில் சின்ன உலை மூட்டிப் பட்டறை நடத்தினார். முதலில் கண்ணாடி சரியாக உருகவில்லை. ஃபைபர் கிளாஸ் கம்பெனிக்காரரான டொமினிக் லாபினோ, தொழிற்சாலைக் கண்ணாடிக் குண்டுகளைக் கொண்டுவந்து உருக்கச் சொன்ன பிறகே வேலை நடந்தது. தொழிற்சாலை இல்லாமல் ஒரு தனி ஆள் வரைந்து, உருக்கி, ஊதி, கையெழுத்தும் போடலாம் என்பது அதிலிருந்து வந்த வழக்கம். ஸ்டுடியோ கிளாஸ் என்று இன்று ஏலத்தில் பறக்கிற சரக்கெல்லாம் இந்த வம்சம்தான்.

இன்று ஐயாவின் வீடு பாகம் பிரிந்து, ஜாடி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்கோ மைசூரின் பழம்பொருள் கடைக்கோ வந்து நிற்கிறது. ஜாதகம் வீட்டோடு போயிற்று. அந்த இடத்தில் கடைக்காரர் வாய் நுழைகிறது: “அரண்மனை ஐட்டம் சார்.” மைசூர் வட்டாரத்தில் விற்கிற கண்ணாடியெல்லாம் அரண்மனையிலிருந்து வந்திருந்தால், மகாராஜா குடும்பம் ஜாடிக்கிடையில்தான் படுத்திருக்க வேண்டும்.

ஆகவே இப்போது ஜாடியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கவிழ்த்ததும் முதலில் பார்க்க வேண்டியது அடி நடுவில் உள்ள தழும்பை. ஊதுகுழாயிலிருந்து ஜாடியை விடுவித்து வாயை விரிக்கும்போது, அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். பிறகு தட்டி உடைக்கிற இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு வடு நிற்கும். நல்ல பட்டறை அதைச் சாணை பிடித்து வழவழவென்று குழிபோல் ஆக்கிவிடும். வடு இருந்தால் கையால் ஊதியது என்பதுவரை சரி. ஸ்டுடியோ கலைஞர் செய்தது என்றாகிவிடாது. ஃபிரோசாபாத்தில் மொத்த விலைக்கு ஊதுகிற ஜாடியிலும் அதே வடு உண்டு. உள்ளே குமிழி தெரிந்தால் பழசு என்பது சுத்தப் பொய். வேண்டுமென்றே குமிழி விடுவதும் ஒரு வித்தை.

அடுத்து அடி விளிம்பு. ஐம்பது வருஷம் மேஜையில் நகர்ந்த ஜாடியில் நுண்ணிய கீறல்கள் நாலா திசையிலும் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கையும் அடித்துப் பார்க்கலாம். மஞ்சள் பச்சைக் கண்ணாடி பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் இருக்கிறது. 1830-களில் பொஹீமியாவின் ரீடல் குடும்பம் பிரபலமாக்கிய சரக்கு அது. இன்றும் செய்கிறார்கள் என்பதால் ஒளி வயதைச் சொல்லாது. கையெழுத்தை நம்பலாமே என்றால், அங்கேதான் மோசம் அதிகம். ருமேனியாவில் காலே பாணியில் செய்து, பெயர் பக்கத்தில் ‘டிப்’ என்று, அதாவது காலே மாதிரி என்று, நேர்மையாகவே போடுகிறார்கள். விற்பவர்கள் அந்த மூன்றெழுத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். அதனால் பெயரைவிடப் பெயரைச் சுற்றியுள்ள பளபளப்பைப் பார்ப்பது நல்லது.

சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தாத்தா 1920-களில் வாங்கிய ஜாடிகள் ஒவ்வொன்றாக அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு வருத்தம் வேறு. அரிக்கமேட்டில் கண்ணாடி மணி இழுத்துக் கடல் கடந்து விற்ற நாடு இது; மணியின் ரசாயனத்தை அலசியே எங்கே செய்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். இப்போது டெல்லியில் ரேஷ்மி டே, கொல்கத்தாவில் ஸ்ரீலா முகர்ஜி, சென்னையில் அஞ்சலி வெங்கட் என்று நம்மவர்களும் கண்ணாடியில் கலை செய்கிறார்கள். முரானோவுக்குப் பணம் வைத்திருக்கிற சேகரிப்பாளர்கள் இவர்கள் பெயரைக் கேட்டதே இல்லை என்கிறார்கள். நம் கலைஞர்களின் கையெழுத்து, முத்திரை, வேலை செய்த வருஷம் எல்லாம் இன்றே பதிவாகாவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்தில் இவர்கள் ஜாடியையும் யாரோ ‘அரண்மனை ஐட்டம்’ என்றுதான் விற்பார்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெயரும் வருஷமும் அடியில் பொறித்துத் தரச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் பழைய ஜாடி இருந்தால் யார், எங்கே, எப்போது வாங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். லேபிள் ஒட்டியிருந்தால் அதில் ஈரம் படாமல், ஈரத் துணியால் ஜாடியின் மேல்பக்கம் மட்டும் துடையுங்கள்.