பூட்டிய வீடும் வாய்க்கால் குப்பையும்: யாரைப் போய்க் கேட்பது?

2025 ஏப்ரல்ல ஒருநாள் ராத்திரி ஊர்லேர்ந்து எதிர்வீட்டு அத்தை போன் பண்ணாங்க. "தம்பி, உங்க வீட்டுக் கொல்லையில கோழிக்கடைக் கழிவெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டாந்து போடுறானுவ. நாத்தம் தாங்கல. பாம்பு வேற நடமாடுது. ஒருதடவை வந்து பாக்கக் கூடாதா?"

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி. தாத்தா கட்டின ஓட்டு வீடு. அப்பா போனதுக்கப்புறம் ஒன்பது வருஷமா பூட்டியே கிடக்கு. நான் சென்னையில கோடு எழுதிக்கிட்டிருக்கேன், தம்பி வெளிநாட்டுல. என் வாயில் முதலில் வந்தது, "பஞ்சாயத்துல என்ன அத்தை பண்றாங்க?" என்ற கேள்விதான். அத்தை பட்டுன்னு சொன்னாங்க: "அங்க போய்க் கேட்டா, வீட்டுக்காரங்க யாருன்னு என்னையக் கேக்குறாங்க."

அந்தப் பதில் உறுத்திக்கிட்டே இருந்தது. ரெண்டு வார இறுதிகள் உட்கார்ந்து சட்டங்களைப் படித்தேன். புரிந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

குப்பை யார் பொறுப்பு?

கிராமமென்றால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 110-ஆம் பிரிவு, கிராம ஊராட்சி கட்டாயம் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடுகிறது. தெரு சுத்தம், குப்பைமேடு அகற்றுதல், புதர் வெட்டுதல், பாழுங்கிணற்றையும் சுகாதாரக் கேடான குட்டையையும் தூர்ப்பது எல்லாம் அதில் வருகிறது. "விருப்பப்பட்டால் செய்யலாம்" என்ற ரகம் இல்லை, கடமை.

'காசு இல்லை' என்ற பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகராட்சியின் திறந்த சாக்கடை, நாற்றம் பற்றிய வழக்கு அது. நிதி இல்லை என்பது சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்கக் காரணம் ஆகாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்.

தஞ்சை நகரம் 2014-ல் மாநகராட்சி ஆனது. நான் படித்த சமயத்தில் அங்கே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பொருந்தின. தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ குப்பை போடக் கூடாது. பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த விதிகள் முதன்மையாக நகரங்களுக்காக எழுதப்பட்டவை. கிராமத்தில் தூய்மைக் காவலர்கள் வண்டி தள்ளிக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். வீட்டுக் குப்பைக்கு அது சரி. ராத்திரி பைக்கில் வந்து மூட்டையை வீசிவிட்டுப் போகிறவனை அவர்களால் எப்படிப் பிடிக்க முடியும்?

வாய்க்காலில் விழுந்தால்?

டெல்டாவுக்கே உரிய சிக்கல் இங்கேதான் ஆரம்பம். எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதனால் பிப்ரவரியிலிருந்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும். காய்ந்த வாய்க்கால், பார்க்கிறவன் கண்ணுக்கு இலவசக் குப்பைத்தொட்டி. நாலு மாசம் சேர்ந்ததை முதல் தண்ணீர் அப்படியே வாரிக்கொண்டு போய், அடுத்த மதகிலோ குழாய்ப் பாலத்திலோ அடைக்கும். கொட்டினவனுக்கு ஒன்றும் ஆகாது. கடைமடையில் நாற்றங்காலோடு காத்திருக்கிறவருக்குத்தான் தண்ணீர் வராது.

தெருவும் சாக்கடையும் ஊராட்சியுடையது. ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறையுடையது. தெருவில் விழுந்த மூட்டை ரெண்டடி உருண்டு வாய்க்காலுக்குள் போனால் பொறுப்பும் கூடவே உருண்டு இன்னொரு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. மென்பொருளில் இதை நாங்கள் தினமும் பார்ப்போம்: ரெண்டு டீமுக்கு நடுவில் விழுந்த பிழையை யாருமே எடுக்க மாட்டார்கள்.

முன்னே இதற்கு ஊரிலேயே ஒரு வழி இருந்தது. குடிமராமத்து. தண்ணீர் வருமுன் ஊரார் சேர்ந்து வாய்க்கால் வெட்டிச் சுத்தம் செய்வது. அதற்குச் சட்டப் பலம் தர சென்னை மாகாணத்தில் 1858-ல் கட்டாய வேலைச் சட்டமே போட்டார்கள். அந்த வேலை யார் முதுகில் ஏறியிருக்கும் என்று நமக்குத் தெரியும், அதனால் அதைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. ஆனால் 'தண்ணீர் வருமுன்' என்ற காலக்கெடு அதில் இருந்தது. அதே பெயரில் அரசு நிதியோடு 2017-ல் திட்டம் திரும்ப வந்தது.

பூட்டிய வீட்டை என்ன செய்ய முடியும்?

2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் காலியாக இருந்த வீடுகள் சுமார் 2.5 கோடி. வீட்டைப் பூட்டி வைப்பது நம் ஊரில் குற்றமில்லை. அது பிறருக்குத் தொல்லையாகும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. ரெண்டு கதவு இருக்கிறது.

ஒன்று, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். சுகாதாரக் கேடு எதுவோ அதை நீக்கச் சொல்லி இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். இன்னொன்று, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 152. விழப்போகிற சுவர், வேலியில்லாத கிணறு, பொது வழியில் இடைஞ்சல் ஆகியவற்றைச் சரிசெய்யச் சொல்லி கோட்டாட்சியர் உத்தரவிடலாம். ரத்லம் வழக்கே இந்த 133-ல் தொடங்கியதுதான்.

ரெண்டுக்கும் முதலில் தேவை உரிமையாளர் பெயர். அத்தையிடம் கேட்ட கேள்வி அலட்சியத்தால் வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டு வரி ரசீது இன்னும் தாத்தா பெயரில். அவர் இறந்து 27 வருஷம். வாரிசு என்று எண்ணினால் ஏழு பேர், நாலு ஊர்களில். நோட்டீஸை யாருக்கு அனுப்புவார்கள்?

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜப்பானில் 2023 கணக்குப்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. கேட்பாரற்று ஆபத்தாக நிற்கும் வீட்டுக்கு நிலவரிச் சலுகையையே எடுத்துவிட அங்கே 2015-லிருந்து சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு உள்ளூர் மன்றம் ரெட்டிப்பு வரி போடலாம் என்று 2024 ஏப்ரலில் வந்தது. பூட்டி வைப்பதற்கு ஒரு விலை வைக்கிறார்கள். நான் வருஷத்துக்குக் கட்டுகிற வீட்டு வரி, குடும்பத்தோடு ஒருநாள் ஓட்டலில் சாப்பிடுகிற காசுகூட இல்லை.

அப்போ என்ன வழி?

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் சொல்வதை விட மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். குப்பை வாய்க்காலில் என்றால் மே 1 கூட்டத்தை விடக் கூடாது. அதை விட்டால் தண்ணீர் வந்துவிடும். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்ததால், அந்தச் சமயத்தில் மனு போகவேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம். அங்கேயும் நகரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள், இல்லாவிட்டால் 1100.

நான் அந்த மே 1-க்கு ஊருக்குப் போனேன். மனுவோடு எழுந்து பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "கொல்லை உங்களுதுதானே தம்பி?" என்றார். சிரிப்பு எழுந்தது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் ஜே.சி.பி. வைத்துப் புதரையும் குப்பையையும் வழித்து, சுற்றி வேலி போட்டோம். செலவு ஏழு பங்கு. மூணு பங்கு இன்னும் வரவில்லை. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் எல்லாம் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். மாசக் கடைசியில் அத்தை ஒரு போட்டோ அனுப்பினாங்க. எங்கள் கொல்லைக்குப் பின்னால் தண்ணீர் சுத்தமாகப் போகிறது. அதற்குக் கீழே நாலாவது வீடு, அதுவும் பூட்டியதுதான், அதன் பின்னால் குழாய்ப் பாலம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூட்டை போடுகிறவன் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டான் போலிருக்கிறது.

ஊரில் பூட்டிய வீடு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டு வரி ரசீதை எடுத்து யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் இன்று யார் வாங்குவார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.