கண்ணதாசன் பாடல்களும் சுவைஞர் வழக்கும்

முன்னுரை

ஒரு புலவர்தம் பாடல்களுள் சிறந்தவை இவை எனத் தெரிந்தெடுத்தல் தமிழர்க்குப் பழைய வழக்கம். தொகைநூல்களும் திரட்டுகளும் இத்தெரிவின் பயனே. இவ்வழக்கம் ஏடு பயின்ற புலவர்க்கே உரியதன்று. திரைப்பாடல் கேட்டு மகிழும் பொதுமக்களிடையேயும் அஃது இன்று வலிவுடன் நிலவுகின்றது. கண்ணதாசன் பாடல்களுள் தலையாய பத்து எவை என்னும் வினா ஒருகால் எழுமாயின், அதனை முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதாது என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். இத்தகைய வழக்கு எதனால் எழுகின்றது, ஏன் தீர்வதில்லை, தீர்த்தற்கு நம் இலக்கணம் துணைசெய்யுமா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்குத் தெற்கே, குரோம்பேட்டையை அடுத்து, இன்று தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியிருப்பது அஸ்தினாபுரம். பாரதக் குருகுலத்தின் தலைநகரை நினைவூட்டும் பெயருடையது இவ்வூர். ஈண்டு ஒரு வீட்டுத் திண்ணையில், பணியினின்று ஓய்வு பெற்ற முதியவர் சிலர் இவ்வழக்கில் ஈடுபட்டிருந்ததை யாம் உடனிருந்து கேட்டோம். ஒவ்வொருவரும் பத்துப் பாடல்களைத் தாளில் எழுதி வந்திருந்தனர். ஒருவர் பட்டியலும் மற்றொருவர் பட்டியலும் முற்றும் ஒத்தில. வியப்பென்னவெனில், ஒருவர் கூறிய காரணத்தை மற்றவர் மறுத்திலர். அதனை ஏற்றுக்கொண்டே தம் பாடலை முதலில் வைத்தனர். ஒருவர் சொல்லழகு கூறினார். ஒருவர் பாடியவர்தம் குரலைப் போற்றினார். ஒருவர் அப்பாட்டு வாழ்வில் தமக்குத் துணையாயிற்று என்றார். இவர்கள் ஒரே பொருளைப்பற்றி மாறுபடவில்லை. வெவ்வேறு பொருள்களைப் பாட்டு என்னும் ஒரே பெயரால் சுட்டினர் என்பது எமக்குப் புலனாயிற்று. வழக்குத் தீராமைக்குச் சுவை வேறுபாடு மட்டும் காரணமன்று; அளவுகோல் வேறுபாடே முதற்காரணம்.

இக்கட்டுரையில் பாடல்களை அவற்றின் படப்பெயராலும் பாடியோர் பெயராலும் சுட்டுகின்றோம்.

கவிஞரும் பாடற்பரப்பும்

கண்ணதாசன் 1927-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், இயற்பெயர் முத்தையா. 1949-இல் வெளிவந்த ‘கன்னியின் காதலி’ படத்தில் அவர் திரைப்பாட்டுப் பணி தொடங்கிற்று. 1981 அக்டோபர் 17-இல் சிகாகோ நகரில் அவர் மறைந்தார். ‘குழந்தைக்காக’ படப் பாடலுக்கு நாட்டின் திரைப்பட விருதும், ‘சேரமான் காதலி’ என்னும் புதினத்திற்கு 1980-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார். அவர் எழுதிய திரைப்பாடல்கள் ஐயாயிரம் அளவின என்று சொல்வது வழக்கம். தொகை எதுவாயினும், முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், பல இசையமைப்பாளர்க்கும் பல படங்கட்கும், காதல், கடவுள், தாலாட்டு, நிலையாமை, நையாண்டி எனப் பல பொருளிலும் எழுதிக் குவித்தவர் அவர் என்பது உண்மை. இத்துணைப் பரப்பினின்றும் பத்தினைப் பொறுக்குங்கால் முதற்கண் வேண்டுவது பகுப்பு.

பழையோர் காட்டிய நெறி

பகுப்பின் இன்றியமையாமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எப்புலவர் எதில் வல்லவர் என வரிசைப்படுத்தும் தனிப்பாடல் ஒன்று உண்டு. வெண்பாவிற்குப் புகழேந்தி, பரணிக்குச் சயங்கொண்டார், விருத்தத்திற்குக் கம்பர், கோவை உலா அந்தாதிகட்கு ஒட்டக்கூத்தர், கலம்பகத்திற்கு இரட்டையர், வசைக்குக் காளமேகம், சந்தத்திற்குப் படிக்காசுப் புலவர் என அது கூறும். இத்தீர்ப்பில் உடன்படாதார் இருக்கலாம். ஆயினும் அதன் நெறி நோக்கத்தக்கது. புலவர் எல்லாரினும் யார் பெரியர் என்று அப்பாடல் வினவவில்லை. வகையைக் கூறி, அவ்வகைக்குரிய தலைவரைக் கூறுகின்றது. பரணியையும் கலம்பகத்தையும் ஒரே துலையில் இட்டு நிறுத்தல் பொருந்தாது என்பது அதன் உட்கிடை. தாலாட்டையும் இரங்கற்பாட்டையும் ஒரே பட்டியலில் முதலாவது, இரண்டாவது என வைக்கும் சுவைஞர் இந்நெறியை மறந்தவராவர்.

தொல்காப்பிய உறுப்புகள்

வகைப்படுத்திய பின் எவ்வாறு மதிப்பிடுவது? செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம், பயன் என்பன திரைப்பாடலுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துவன. திரைப்பாடல் கவிஞர் தம்பெயரால் பேசும் தன்னுணர்ச்சிப் பாட்டன்று. அகப்பாட்டினைப் போலவே, அது கதைமாந்தர் ஒருவர், ஓரிடத்தில், ஒருவரை நோக்கிக் கூறும் கூற்றாகும். எனவே, யார் கூற்று, கேட்போர் யார், களன் யாது என வினவாமல் திரைப்பாடலின் சிறப்பை அளத்தல் இயலாது.

முதற்கண் தாலாட்டுத் துறையை எடுத்துக்கொள்வோம். 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தில் டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடிய தாலாட்டு அண்ணன், தங்கை இருவர் கூற்றாக அமைந்தது. நாட்டுப்புறத் தாலாட்டு பெண்டிர்க்குரியது. தாய் தன் உடன்பிறந்தானாகிய மாமன் பெருமையையும், அவன் கொணரும் சீரையும் குழந்தைக்கு எடுத்துரைப்பது அதன் மரபு. இம்மரபினைக் கவிஞர் பற்றிக்கொண்டார். ஆனால், போற்றப்படும் மாமனையே பாடுவோருள் ஒருவனாக்கினார். ஆதலின், தாலாட்டில் புனைவாக வரும் மாமன் சிறப்பு, அக்கதையில் உடன்பிறந்தோர் பாசமாகவே மாறிவிடுகின்றது. குழந்தையை நோக்கிய சொற்கள் உண்மையில் ஒருவர் மற்றவர்க்கு உரைப்பனவாகின்றன.

இதனோடு ஒப்பிடத்தக்கது, கவிஞர் மறைந்தபின் 1982-இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ படத்தில் இளையராசா இசையில் ஏசுதாசு பாடிய தாலாட்டு. அவர்தம் இறுதித் திரைப்பாடல் என இதனைப் போற்றுவர். இங்கே கேட்பவள் குழந்தையல்லள். நேர்ச்சியால் நினைவிழந்து குழந்தையுள்ளம் எய்திய இளம்பெண். கூறுவோன் தந்தையுமல்லன், தாயுமல்லன். கேட்போர் என்னும் ஓர் உறுப்பை மாற்றியதனாலேயே தாலாட்டு, காதற்பாட்டின் எல்லைவரை சென்று, அவ்வெல்லையைக் கடவாது நிற்கின்றது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்குப் பொருளுடைய வழக்கு. ஏனெனில், இரண்டும் ஒரு துறையின. எம் கருத்து முன்னதன்பாலது. மரபு முழுவதையும் உள்ளடக்கி அதனைக் கதைக்கு உரியதாக்கிய திறம் அதன்கண் மிகுதி. பின்னதனைத் தெரிவோர் சொற்சுருக்கத்தைக் காரணமாகக் கூறின், அதனையும் ஏற்றுக்கொள்ளலாம். உறுப்பினைச் சுட்டிக் கூறும் காரணம் ஆராய்தற்கு இடந்தரும். வாளா பிடிக்கும் என்பது இடந்தராது.

அடுத்து, எச்சம் என்னும் உறுப்பு. கூறியது முடிவுபெறக் கேட்போர் தாமே ஒன்றை வருவித்துக்கொள்ள வேண்டுவது எச்சம் எனப்படும். 1962-இல் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில், தான் இறப்பின் மறுமணம் செய்துகொள்ளுமாறு நோயுற்ற கணவன் மனைவியிடம் கூறுகின்றான். அதற்கு அவள் கூறும் விடையே பி. சுசீலா பாடிய பாடல். கணவன் சொன்னது பாட்டினுள் இல்லை. அதனை அறியாது வானொலியில் மட்டும் கேட்பார்க்கு எச்சம் எஞ்சியே நிற்கும். ஆயினும் யாரோ எதையோ சொல்லத் தகாதது சொல்லிவிட்டனர் என்பதும், கேட்டவள் நெஞ்சம் புண்பட்டது என்பதும் விளங்கும். அகப்பாடல்களுள் துறைக்குறிப்பு நீங்கிய வழியும் கூற்றை உணரவைப்பன உள. அவற்றின் இனத்தது இப்பாடல். அஸ்தினாபுரத்து முதியவருள் படம் பார்த்தவர் இதனை முதல் மூன்றனுள் வைத்தனர். பாராதவர் பத்தனுள்ளும் சேர்த்திலர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எச்சத்தை வருவிக்கும் வாய்ப்பு உண்மையும் இன்மையுமே.

மூன்றாவது, கூற்றும் களனும். 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்தில் போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனை நோக்கிக் கண்ணன் கூறும் கூற்றாகச் சீர்காழி கோவிந்தராசன் பாடிய பாடல் உள்ளது. புறத்துறையாகிய கையறுநிலையில், புரவலனை இழந்தார் அவன் இறந்தபின் வருந்திப் பாடுவர். இங்கே உயிர் பிரியாமுன், இரங்கத்தக்க நிலைக்குக் காரணமானவனே பாடுகின்றான். வீழ்த்தியவன் வாயால் வீழ்ந்தவன் புகழ் கூறுவித்த இவ்வமைப்பே பாட்டின் உயிர். இதே சொற்களைக் கர்ணன் மனைவியோ நண்பனோ கூறியிருப்பின், அது நல்லதோர் இரங்கற்பாட்டாக நின்றிருக்கும். நெஞ்சை உறுத்தும் பாட்டாகியிராது. ஊர்ப்பெயரின் உரிமையாலோ என்னவோ, அஸ்தினாபுரத்துப் பட்டியல் அனைத்திலும் இடம்பெற்ற பாடல் இஃது ஒன்றே.

பயன் என்னும் அளவை

தம் வாழ்வில் துணைநின்ற பாட்டே சிறந்தது என்பாரை எள்ளுதல் கூடாது. பயன் என்பதும் செய்யுளுறுப்பே. திரைத்துறையில் வாய்ப்பின்றி ஊர் திரும்பக் கருதியிருந்த வாலி, 1962-இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய கண்ணதாசன் பாடலைக் கேட்டு மனம் மாறிச் சென்னையிலேயே தங்கியதாகத் தாமே பன்முறை கூறியுள்ளார். ஒரு கவிஞர் பாட்டு மற்றொரு கவிஞரைத் தமிழுக்கு நிறுத்தித் தந்தது. எனினும், பயன் கேட்போர் நிலையைப் பொறுத்து வேறுபடும். ஆதலின் அது பாட்டின் ஆற்றலுக்குச் சான்றாகுமேயன்றித் தரவரிசைக்குத் தனி அளவையாகாது.

சொல்லும் இசையும் குரலும்

திரைப்பாட்டில் சொல் ஒருவர்க்கும், இசை ஒருவர்க்கும், குரல் ஒருவர்க்கும் உரியன. பெரும்பாலும் மெட்டு முன்னரும் சொல் பின்னரும் பிறக்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவியின் ஆடல் ஒன்றே. அதனை ஆக்கியோர் பலர். அவரவர் பங்கு அவரவர்க்குரியது என்பது அடிகள் கருத்து. கவிஞர்தம் சிறந்த பாடல் எனப் பட்டியலிடுவார், இசை நீக்கிச் சொல்லை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். விசுவநாதன் இராமமூர்த்தி இசையின் இனிமையைக் கவிஞர் கணக்கில் எழுதுதல் இருசாரார்க்கும் நீதியாகாது.

ஆசிரியர் யார் என்னும் வினா

இனி, இவ்வழக்கில் மிக இன்றியமையாத ஒன்றனைக் கூறுவோம். அஸ்தினாபுரத்து முதியவருள் ஒருவர், ‘படகோட்டி’ படப் பாடல் ஒன்றைக் கண்ணதாசன் பாடல்களுள் தலையாயதாக வைத்து, நெடுநேரம் அதன் நயம் உரைத்தார். 1964-இல் வெளிவந்த அப்படத்தின் பாடல்கள் வாலி எழுதியவை. 1963-இல் வெளிவந்த ‘கற்பகம்’ படப் பாடல்களும் அவ்வாறே. அதே காலம், அதே இசையமைப்பாளர், அதே பாடகர் என்பனவற்றால் இம்மயக்கம் நேர்கின்றது. மற்றொருவர் பழைய பாட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்து காட்டினார். முன்னவர் அதனை இருமுறை படித்தார். தம் பட்டியலினின்று அப்பாடலை அடித்தார். பின்னர், “பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, நான்தான் ஆளை மாற்றி வைத்திருந்தேன், இத்தனை ஆண்டும் அவருக்கு ஒரு நன்றி சொல்லாமற் போனேனே” என்றார். அங்கிருந்தார் சிறிது நேரம் பேசவில்லை.

இந்நிகழ்ச்சி சிறிதன்று. கம்பர் பெயரால் மிகைப்பாடல்கள் புகுந்ததும், ஔவையார் என்னும் ஒரு பெயர்க்கீழ்ப் பல காலத்துப் பாடல்கள் திரண்டதும் இவ்வாறே. பெரும்புகழ் தன் அண்மையிலுள்ள சிறந்தவற்றையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். திரையரங்க வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும், ஆக்கியோர் பெயர் கூறிப் பாடல் ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளரும் இம்மயக்கத்தை ஓரளவு தடுத்தனர். இன்று கைப்பேசியில் பாடல் கேட்பார்க்குப் படப்பெயரும் பாடகர் பெயரும் கிடைக்கின்றன. பாடலாசிரியர் பெயர் பலகால் விடுபட்டுப் போகின்றது. ஏடு பெயர்த்தெழுதியோர் கைவிட்ட புலவர் பெயர்கள் பலவற்றை இழந்து வருந்தும் நாம், நம் கண்முன்னே அத்தகைய இழப்பு நேரப் பார்த்திருத்தல் தகுமா?

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: சுவைஞர் வழக்கு வீண்பொழுது போக்கன்று, அது திறனாய்வின் தொடக்கம். துறைவாரியாகப் பகுத்து ஒப்பிடின் அது பொருளுடையதாகும். கூற்று, கேட்போர், களன், எச்சம் முதலிய உறுப்புகளைச் சுட்டிக் காரணம் கூறின் அது ஆராய்ச்சியாகும். சொல், இசை, குரல் மூன்றனையும் பிரித்துணரின் அது நடுவுநிலையாகும். இவையனைத்திற்கும் முன்னதாக, ஆசிரியர் யார் எனத் துணிதல் வேண்டும்.

முதுகலை மாணாக்கர்க்கு இங்கு ஒரு பணி காத்திருக்கின்றது. அப்படங்கள் வெளிவந்த நாளிலேயே பாடல்களைக் கேட்டவர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் பட்டியல்களையும், அவர் கூறும் காரணங்களையும், அவர் பெட்டியில் வைத்துள்ள பாட்டுப் புத்தகங்களையும் தொகுத்தல் வேண்டும். அஸ்தினாபுரத்துத் திண்ணையில் ஒரு பாட்டுப் புத்தகம் ஒரு கவிஞர்க்கு அவர் பாடலை மீட்டுத் தந்தது. அத்தகைய திண்ணைகளும் புத்தகங்களும் நெடுங்காலம் காத்திரா.