நரி வேண்டாம், பெயர் மட்டும் போதும்

உலாவியின் மேல் விளிம்பில், திறந்திருக்கும் தாவலின் தலைமாட்டில் அமரும் இலச்சினைக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம், பதினாறுக்குப் பதினாறாக 256 சிறு சதுரங்கள்தாம். பயர்பாக்ஸ் உலாவிக்காக ஜான் ஹிக்ஸ் வரைந்து 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த சித்திரத்தில், நீலப் பூகோளத்தைத் தன் அக்கினி வாலால் அணைத்துக் கிடக்கும் நரியின் ரோமக் கற்றைகளும், கோளத்தின்மீது மங்கலாகத் தெரியும் கண்டங்களும், பெரிதாக்கிப் பார்ப்போருக்கு எவ்வளவு மனோகரமாக இருந்தபோதிலும், அந்த 256 சதுரங்களுக்குள் வந்து அடங்கும்போது, நீலப் பொட்டு ஒன்றும் அதைச் சுற்றிய செம்மஞ்சள் பிறை ஒன்றுமாகச் சுருங்கிவிடுகின்றன. பயர்பாக்ஸ் என்பது உண்மையில் செம்பாண்டாவுக்கு வழங்கும் மறுபெயர். பொட்டும் பிறையுமாகிவிட்ட பிறகு பிராணி எதுவாயிருந்தால் என்ன!

அவ்வாறு சுருங்கியும் கண் அதனை நொடியில் இனங்கண்டுகொள்வதற்கு, வண்ணமும் வளைவும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சதுரம் சதுரமாகச் சேமித்த படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகும்; 'இன்ன புள்ளியிலிருந்து இன்ன வளைவு' என்று கணிதமாகவே எழுதிவைக்கும் வெக்டர் படமோ, எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறுவதில்லை. ஆகவே தொழில்நுட்பம் இதில் பெரிய இடையூறன்று. மூல நிரலை எவரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற உரிமையையே உயிராகக் கொண்ட மென்பொருள், தன் முகத்தை மட்டும் எவரும் திருத்தலாகாது என்று சொல்ல நேர்வதுதான் சங்கடம்.

அதே உரிமையோடு வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்தைச் சேர்ந்தவர்கள் இதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. 1996-இல் லாரி யூவிங் கிம்ப் மென்பொருளில் வரைந்த, லினக்ஸின் இலச்சினையான டக்ஸ் என்ற பென்குவினை, வரைந்தவரையும் கிம்ப்பையும் குறிப்பிட்டுவிட்டு யாரும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். 2009-இல் வெளியான ஒரு பதிப்பில், அழிவின் விளிம்பிலுள்ள டாஸ்மேனியப் பேய் என்னும் விலங்குக்கு ஆதரவாக டக்ஸே தாற்காலிகமாக இடம் விட்டுக்கொடுத்தது. ஆனால் 'லினக்ஸ்' என்ற பெயரோ அதைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். படத்தைத் திறந்துவிட்டுப் பெயரைப் பூட்டிக்கொண்டார்கள், கெட்டிக்காரத்தனம்தான்.

பயர்பாக்ஸை வெளியிடும் மொஸில்லாவுக்கும், லினக்ஸ் மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் டெபியனுக்கும் விவகாரம் மூண்டது, படத்துக்கும் பெயருக்கும் இடையிலான இந்த இடத்தில்தான். நரிச் சித்திரத்தின் பதிப்புரிமை அக்காலத்தில் எவரும் திருத்திப் பகிரத்தக்க கட்டற்ற உரிமத்தின்கீழ் இல்லாமையால், தன் தொகுப்பில் கட்டற்றவை மட்டுமே இருக்க வேண்டும் என்ற விரதமுடைய டெபியன், நரியை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. அன்றியும், தன் நிலைத்த பதிப்பிலுள்ள பழைய உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே ஒட்டியும் வந்தது. 2006-இல் மொஸில்லா, நரியையும் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்க, அன்றேல் இரண்டையும் விடுக, திருத்தங்களுக்கும் எம் சம்மதம் பெறுக என்றது. யாரோ செய்த திருத்தத்தில் பிழை நேர்ந்தால் பழி தன் பெயருக்கே வரும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும், திருத்தத்திற்கு அனுமதி கேட்பதென்பது டெபியனுக்குத் தன் சுவதர்மத்தையே விடுவதாகும் என்பதால், என் அனுதாபம் சற்று அந்தப் பக்கமே சாய்கிறது.

டெபியன் பெயரையும் விட்டது. 'ஐஸ்வீசல்' என்று புதுப்பெயர் சூட்டியது: தீக்கு எதிராகப் பனி, நரிக்கு ஈடாகக் கீரியை ஒத்த வீசல் என்னும் சிறு பிராணி. உள்ளே ஓடிய நிரல் ஏறத்தாழ அதுவேயாயினும், 'பயர்பாக்ஸ் எங்கே?' என்று தேடிக் குழம்பினோர் எத்தனையோ பேர்.

பின்னர் சித்திரத்தின் பதிப்புரிமை கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. டெபியன் செய்யும் திருத்தங்களால் தரம் குறைவதில்லை என்று மொஸில்லாவும் ஏற்றுக்கொள்ள, 2016-இல் நரி வீடு திரும்பியது. இதில் வேடிக்கை யாதெனில், இவ்வளவு பிடிவாதம் காட்டிய டெபியனுக்கும் 1999 முதலே இலச்சினைகள் இரண்டு: எவரும் பயன்படுத்தலாம் என்று விட்ட செந்நிறச் சுழி ஒன்று, அதே சுழி ஒரு குப்பியிலிருந்து புகையாய் எழுவதுபோல் அமைந்து, அதிகாரபூர்வமான காரியங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தது மற்றொன்று.