இங்கிலீஷ் லிட்டரேச்சர் பிஎச்டி: ஆறாவது வருஷம் யார் காசு?

அமெரிக்காவுல இங்கிலீஷ் லிட்டரேச்சர் பிஎச்டி பண்ணா என்னென்ன முடிக்கணும்? அதுதான் இன்னைக்கு டாபிக்.

முதல் 2 வருஷம் பெரும்பாலும் கிளாஸ். சாசர் காலத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் பல காலகட்டங்கள்ல பேப்பர் எடுக்கணும். பல டிபார்ட்மென்ட்கள்ல, இங்கிலீஷ் தவிர இன்னொரு மொழியும் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியணும். அடுத்து, பெரிய புத்தகப் பட்டியல் ஒண்ணைப் படிச்சு முடிச்சிட்டு, பேராசிரியர்கள் முன்னாடி உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு. அதுல பாஸானா, என்ன ஆராய்ச்சி பண்ணப் போறோம்னு ஒரு ப்ரபோசல்.

இதுவரைக்கும் எல்லாத்துக்கும் தேதி இருக்கு. கடைசியா வர்ற ஆய்வேடுதான் இழுத்துக்கிட்டே போகும். அது மட்டும் பாக்கி இருக்கிறவங்களுக்கு அங்க ‘ஏபிடி’ன்னே ஒரு பேர் உண்டு. ஆனா அது பட்டம் இல்ல.

சிக்கல் பணத்துல வருது. நிறைய யுனிவர்சிட்டிகள் ஃபீஸைத் தள்ளுபடி பண்ணி, ஸ்டைபெண்டும் தர்றாங்க. பதிலுக்கு நாம பாடம் நடத்தணும். ஆனா அந்த உறுதி பொதுவா 5 வருஷத்துக்குத்தான். ஹியூமானிட்டீஸ் பிஎச்டி முடிக்கவோ சுமார் 7 வருஷம் ஆகுது. எஃப்-1 விசாவுல போனவங்க நினைச்ச மாதிரி வெளியே வேலை பார்க்கவும் முடியாது. கேம்பஸ் வேலைக்கும் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் கணக்கு.

அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க. ‘உங்ககிட்ட முடிச்சவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு? 6-வது வருஷம் ஸ்டைபெண்ட் உண்டா?’ன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா, அந்த இடத்தை லிஸ்ட்ல கீழே தள்ளிடுங்க.